அணிப் பட்டியலின் அரசியல்: தென்னாப்பிரிக்க விளையாட்டின் நூறு ஆண்டுகள்

1894ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி முதன்முறையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அந்த அணியில் போயிருக்க வேண்டிய ஒருவர் கேப் டவுனிலேயே நிறுத்தப்பட்டார். ‘குரோம்’ ஹெண்ட்ரிக்ஸ் என்று அழைக்கப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் அவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேப் டவுனில் மலாய் சமூகத்து ஆட்டக்காரர்களை எதிர்த்து ஆடிய இங்கிலாந்து அணியினர் அவருடைய வேகத்தை வியந்து பேசியிருந்தார்கள். ஆனால் அவர் வெள்ளையர் அல்லர். கேப் காலனியின் பிரதமராக இருந்த சிசில் ரோட்ஸ் வரை விவகாரம் சென்றது. ஹெண்ட்ரிக்ஸின் பெயர் நீக்கப்பட்டது. சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வேண்டுமானால் அழைத்துப் போகலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோது, அப்படிப்பட்ட பயணம் வேண்டாம் என்று அவரே மறுத்துவிட்டார்.

நிறவெறியைச் சட்டமாக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948இல். ஹெண்ட்ரிக்ஸ் நீக்கப்பட்டதற்கும் அதற்கும் இடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள். அவரைத் தடுக்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. கனவான்கள் சிலர் கூடிப் பேசியதே போதுமானதாக இருந்தது.

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்ற வாசகத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதைச் சோதித்துப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கறுப்பினத்தவர் ஒதுக்கப்பட்ட காலத்தில் அந்த வாசகத்தைச் சொன்னவர்கள் உண்டு. உலகம் அந்நாட்டைப் புறக்கணித்தபோதும் அதே வாசகம் ஒலித்தது. பின்னாளில் இட ஒதுக்கீடு வந்தபோதும் அதுதான் ஒலித்தது. மூன்று காலத்திலும் சர்ச்சை ஒன்றைப் பற்றியதே: அணிப் பட்டியலை யார் எழுதுவது, அதில் இடம்பெறும் தகுதியை ஒருவர் எங்கே, எப்படி அடைகிறார்? போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் அரசியலைக் கொண்டுவரவில்லை. பட்டியலுக்குள் ஏற்கெனவே இருந்த அரசியலை அவர்கள் வெளியே இழுத்துப் போட்டார்கள் என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை.

சட்டத்துக்கு முன்பே விழுந்த கோடு

கறுப்பு ஆப்பிரிக்கர்களுக்குக் கால்பந்துதான் பிடிக்கும், கிரிக்கெட்டும் ரக்பியும் வெள்ளையர் ஆட்டங்கள் என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கிழக்குக் கேப் பகுதியில் லவ்டேல், ஹீல்ட்டவுன் போன்ற மிஷன் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்க மாணவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அங்கிருந்து உருவான படித்த வகுப்பினர் தங்கள் ஊர்களில் மன்றங்கள் அமைத்தார்கள். டெங்கோ ஜபாவு நடத்திய கோசா மொழிப் பத்திரிகையில் ஆட்டச் செய்திகள் வந்தன. கேப் டவுனின் மலாய், கலப்பினச் சமூகங்களில் ரக்பி வேரூன்றி, 1897இல் அவர்களுக்கெனத் தனி வாரியமே உருவானது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் டர்பனில் இறக்கிவிட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள், அங்கே தங்களுக்கான கால்பந்து, கிரிக்கெட் மன்றங்களை வளர்த்துக்கொண்டார்கள். ஆட ஆளில்லாமல் இல்லை. வெள்ளையர் எழுதிய பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு உலகமும் உடந்தையாக இருந்தது. 1889இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய தென்னாப்பிரிக்கா 1970 வரை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளுடன் மட்டுமே டெஸ்ட் ஆடியது. இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றோடு ஒரு டெஸ்ட்கூட இல்லை. உலகக் கிரிக்கெட்டை நடத்தியவர்கள் அதை ஒரு பிரச்சினையாகக் கருதவில்லை. நியூசிலாந்து ரக்பி வாரியம் இன்னும் ஒருபடி மேலே போனது. அழைத்தவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று தன் சொந்த அணியிலிருந்தே பூர்வகுடி மாவோரி ஆட்டக்காரர்களை விட்டுவிட்டது. 1928 பயணத்தில் ஜார்ஜ் நேபியா போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கே இடமில்லை. 1949இலும் அதுவே நடந்தது. 1970இல் மாவோரிகள் அனுமதிக்கப்பட்டபோது அவர்களுக்குக் கிடைத்த தகுதி ‘கௌரவ வெள்ளையர்’ என்பது.

1948க்குப் பிறகு பழைய வழக்கம் அரசின் கொள்கையாயிற்று. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இனம் கலந்து ஆடுவது குற்றம் என்று விளையாட்டுக்கெனத் தனிச் சட்டம் எதையும் அரசு இயற்றவில்லை. 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கஸ், வெள்ளையரும் மற்றவரும் தனித்தனியே ஆட வேண்டும், வெளிநாட்டு அணிகளும் அதை மதிக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்தார். மற்ற வேலையைப் பொதுச் சட்டங்கள் செய்தன. யார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று ஒரு சட்டம் வகுத்தது. எந்த வாசலில் நுழையலாம், எந்த இருக்கையில் அமரலாம் என்று இன்னொன்று சொன்னது. மீறி வெளிநாடு போக நினைத்தவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை.

இந்தச் சட்டங்கள் சேர்ந்து என்ன செய்யும் என்பதைப் பாப்வா செவ்கோலம் என்ற கோல்ஃப் ஆட்டக்காரரின் வாழ்க்கை சொல்கிறது. டர்பனின் இந்திய வம்சாவளியினர். பள்ளிப் படிப்பு இல்லை. மட்டை தூக்கும் வேலையிலிருந்து ஆட்டத்துக்கு வந்தவர். கைகளை எல்லோருக்கும் நேர்மாறாக வைத்துக் கோலைப் பிடிப்பவர். 1959இலும் 1960இலும் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனிலும் முதலாவதாக வந்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. வெள்ளையர் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். இந்தியர் நுழையக் கூடாத இடம் என்பதால் வெற்றியாளர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் அச்சானது. 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே அவர் தோற்கடித்தார். அதன் பிறகு வெள்ளையர் போட்டிகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன.

வாக்குகள் கைமாறிய கதை

உலக விளையாட்டு அமைப்புகள் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கியதற்கு அறவுணர்வு மட்டுமே காரணம் என்று நினைத்தால் கதை முழுமையாகாது. வாக்குக் கணக்கும் அதில் இருக்கிறது. 1950களின் இறுதியிலிருந்து ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் விடுதலை பெற்று, ஒவ்வொன்றாகச் சர்வதேசச் சம்மேளனங்களில் உறுப்பினராயின. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற விதி உள்ள இடங்களில் பழைய ஐரோப்பியப் பெரும்பான்மை கரைந்தது.

முதலில் முடிவெடுத்தது மேசைப்பந்துச் சம்மேளனம். 1956இல் அது வெள்ளையர் சங்கத்தை விலக்கி, இனவேறுபாடு பார்க்காத சங்கத்துக்கு அங்கீகாரம் தந்தது. கால்பந்தில் இழுபறி நீண்டது. 1961இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. 1963இல் தலைவர் ஸ்டான்லி ரவுஸ் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தபின் தடை நீங்கியது. 1964 டோக்கியோ மாநாட்டில் மீண்டும் தடை விழுந்தது. இடையில் தென்னாப்பிரிக்கச் சங்கம் முன்வைத்த சமரசம் 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளையர் அணியையும் 1970 உலகக் கோப்பைக்குக் கறுப்பர் அணியையும் அனுப்புகிறோம் என்பது. 1974இல் ரவுஸ் தலைவர் பதவியை ஜோவோ ஹவலாஞ்சிடம் இழந்தபோது, ஆப்பிரிக்க வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. இரண்டு ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா ஃபிஃபாவிலிருந்து வெளியேற்றப்பட்டது.

ஒலிம்பிக்கில் வேலையைத் தொடங்கி வைத்தவர் டென்னிஸ் புருட்டஸ். போர்ட் எலிசபெத்தில் ஆசிரியராக இருந்த கவிஞர். 1958இல் இனவேறுபாடற்ற விளையாட்டுச் சங்கம் ஒன்றை அமைப்பதில் பங்கேற்றார்; பிறகு ‘சான்ராக்’ என்ற இனவேறுபாடற்ற ஒலிம்பிக் குழு உருவானது. 1963இல் கைதாகித் தப்ப முயன்றபோது ஜோஹன்னஸ்பர்க் வீதியில் சுடப்பட்டார். பிழைத்து, ராபன் தீவுச் சிறைக்குப் போனார். 1964 டோக்கியோ ஒலிம்பிக் அழைப்பு தென்னாப்பிரிக்காவுக்கு ரத்தானது. 1968 மெக்சிகோவுக்கு மறுபடி அழைப்பு போனபோது, அப்படியானால் நாங்கள் வரமாட்டோம் என்று ஏராளமான நாடுகள் கிளம்பின. அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே தென்னாப்பிரிக்கா நீக்கப்பட்டது. நாடு கடந்து வாழ்ந்த சான்ராக் அமைப்புக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர், டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி.

சிறைக்குள்ளும் ஆட்டம் இருந்தது. ராபன் தீவு அரசியல் கைதிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் போராடி, 1960களின் நடுவில் கால்பந்து ஆடும் உரிமையைப் பெற்று, மக்கானா கால்பந்துச் சங்கத்தை நடத்தினார்கள். ஃபிஃபா விதிநூலின்படி ஆட்டம், நடுவர், முறையீடு, விசாரணை எல்லாம் எழுத்தில் இருந்தன. வெளியே வெள்ளையர் சங்கங்கள் ஃபிஃபாவின் அடிப்படை விதியை மீறிக்கொண்டிருந்த நாட்களில், கைதிகள் அதே விதிநூலை வரிக்கு வரி கடைப்பிடித்தார்கள். 2007இல் ஃபிஃபா அச்சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி அளித்தது.

டோலிவேராவின் 158 ரன்

கிரிக்கெட்டையும் ரக்பியையும் அசைப்பது கடினமாக இருந்தது. அவற்றின் நிர்வாகம் இலண்டனையும் பழைய குடியேற்ற நாடுகளையும் சுற்றியே இருந்தது. ஆப்பிரிக்க வாக்குகள் அங்கே செல்லாது. அந்தக் கோட்டையில் விரிசல் விழக் காரணம் பேசில் டோலிவேரா.

கேப் டவுனின் சிக்னல் ஹில் பகுதியில் வளர்ந்த கலப்பினத்தவர். வெள்ளையரல்லாத தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை தாங்கி, 1956இல் கென்யாவின் ஆசியர் அணியை எதிர்த்து ஆடினார். அதற்கு மேல் போக உள்நாட்டில் வழியில்லை. வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் முயற்சியால் 1960இல் சென்ட்ரல் லங்காஷயர் லீகில் ஒரு மன்றத்தில் வேலை கிடைத்தது. 1966இல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார்.

1968 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா போவதாக இருந்தது. அந்த ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டோலிவேரா 158 ரன் அடித்தார். சில நாட்களில் அறிவிக்கப்பட்ட அணியில் அவர் பெயர் இல்லை. ஆட்டத்திறன் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது என்றார்கள் தேர்வாளர்கள். டோலிவேரா வந்தால் பயணம் நடக்காது என்ற தகவல் மாதங்களுக்கு முன்பே, இங்கிலாந்தின் பயண அணியை அனுப்பிய எம்.சி.சி.யின் மேல்மட்டத்தைச் சென்றடைந்திருந்தது பின்னாளில் வெளியாயிற்று. அவரே விலகிக்கொள்ளும்படி, தென்னாப்பிரிக்காவில் பயிற்சியாளர் வேலையும் பெரும்பணமும் காட்டி ஆசைகாட்டியதும் தெரியவந்தது.

செப்டம்பரில் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, பொதுமக்களின் கோபத்துக்கு நடுவே டோலிவேரா அவரிடத்தில் சேர்க்கப்பட்டார். மறுநாள் புளூம்ஃபொன்டெய்னில் கட்சிக் கூட்டத்தில் பேசிய பிரதமர் வோர்ஸ்டர், இது எம்.சி.சி. அணி இல்லை, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று சாடி, ஏற்க மறுத்தார். பயணம் ரத்தானது.

இந்த நிகழ்ச்சியின் முக்கியத்துவம் அதன் தெளிவில் இருக்கிறது. அதுவரை, உங்கள் நாட்டுக்குள் எப்படி ஆடுகிறீர்கள் என்பது உங்கள் விஷயம் என்று சொல்ல இடமிருந்தது. இங்கே ஒரு நாட்டின் பிரதமர் இன்னொரு நாட்டின் அணிப் பட்டியலைத் திருத்த முற்பட்டார். அரசியலை யார் கலக்கிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பிறகு போராட்டம் மைதானத்துக்கே வந்தது. 1969-70இல் பிரிட்டனுக்கு வந்த தென்னாப்பிரிக்க ரக்பி அணி, போன இடமெல்லாம் எதிர்ப்பைச் சந்தித்தது. பீட்டர் ஹெயின் என்ற இளைஞர் தலைமையில் 1970 கிரிக்கெட் பயணத்தைத் தடுக்கும் இயக்கம் எழுந்தது. லார்ட்ஸ் மைதானத்தில் முள்கம்பி போடப்பட்டது. அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் மே மாதம் பயணம் கைவிடப்பட்டது. 1971இல் ஆஸ்திரேலியாவில் ரக்பிப் பயணத்தை நடத்த குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. அதைக் கண்ட ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியத் தலைவர் டொனால்ட் பிராட்மன், அடுத்து வரவிருந்த கிரிக்கெட் பயணத்தை நிறுத்தினார். 1970இல் ஆஸ்திரேலியாவை 4-0 என்று வென்றிருந்த வலிமையான அணி அடுத்த 22 ஆண்டுகள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பேரி ரிச்சர்ட்ஸின் டெஸ்ட் வாழ்க்கை நான்கே ஆட்டங்களில் முடிந்தது.

ஆடுவதா, மறுப்பதா

புறக்கணிப்பை ஆதரித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. 1959இல் ஃபிராங்க் வொர்ரல் தலைமையில் மேற்கிந்தியக் கறுப்பு ஆட்டக்காரர்கள் அணியொன்று தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள கறுப்பர், இந்தியர் அணிகளுடன் ஆடத் திட்டமிடப்பட்டது. உலகத் தரமான ஆட்டத்தை ஒடுக்கப்பட்டவர்கள் பார்க்கட்டும், உலகம் அவர்களைப் பார்க்கட்டும் என்று வாதிட்டார் டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். தனித்தனியே ஆடும் முறையை ஏற்றுக்கொண்டு நடத்தப்படும் எந்தப் பயணமும் அந்த முறைக்கே வலுச் சேர்க்கும் என்றது புருட்டஸின் தரப்பு. பயணம் கைவிடப்பட்டது. ஜேம்ஸ் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அடிபடுகிறவர்களே வேண்டாம் என்று சொல்லும்போது முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையதாகிறது.

அமெரிக்க டென்னிஸ் ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷ் இரு நிலைகளையும் தாமே வாழ்ந்து பார்த்தார். விசா மறுக்கப்பட்டு, கடைசியில் 1973இல் அனுமதி கிடைத்ததும் போய் ஆடினார். பார்வையாளர்களை இனவாரியாகப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று நிபந்தனையும் வைத்தார். உள்ளே போய்ப் பேசினால் மாற்றம் வரும் என்று நம்பினார். பின்னர் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுப் புறக்கணிப்பின் பக்கம் வந்தார்.

சென்னைக்கும் இதில் ஓர் இழப்புக் கணக்கு உண்டு. 1974 டேவிஸ் கோப்பையில் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களைக் கொண்ட இந்திய அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் வென்று இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட மறுத்தது இந்தியா. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இதுவரை மூன்று முறை இறுதிவரை சென்றும் இந்தியா அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. உலகத் தரத்தில் இருந்த இரு சகோதரர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறை வரும் வாய்ப்பு அது. கொள்கைக்கான விலையைக் கொள்கை வகுப்பவர்களைவிட ஆட்டக்காரர்களே பெரும்பாலும் கட்டுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குள் அந்த விலை இன்னும் அதிகம். 1973இல் உருவான ‘சாக்கோஸ்’ என்ற இனவேறுபாடற்ற விளையாட்டு மன்றம், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்ற முழக்கத்தை முன்வைத்தது. அதை வலியுறுத்திய ஹசன் ஹோவா, இன்று மைதானத்தில் என்னோடு ஆடுபவர் நாளை நான் வசிக்கும் தெருவில் குடியிருக்க முடியாதென்றால் அந்த ஆட்டத்துக்குப் பொருளில்லை என்ற நிலையில் நின்றார். அரசு பின்வாசல் சலுகைகள் தந்தது: வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்ற நான்கு ‘தேசங்கள்’ தங்களுக்குள் போட்டியிடலாம் என்றது, பிறகு மன்ற அளவில் கலந்தாட அனுமதித்தது. சாக்கோஸ் எதையும் ஏற்கவில்லை. சலுகையை ஏற்றவர்களைத் தன் அமைப்பிலிருந்து விலக்கியது. விளைவாக, திறமையுள்ள ஒரு தலைமுறை கரடுமுரடான நகராட்சி மைதானங்களில் ஆடி, எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமல் வயதானது. வெள்ளையர் இழந்த டெஸ்ட்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. இவர்கள் இழந்ததைக் கணக்கிட ஸ்கோர் அட்டைகள்கூட முழுமையாக இல்லை.

1980களில் பணம் புதிய வழி திறந்தது. வரிச்சலுகை பெற்ற நிறுவனங்களின் ஆதரவில் ‘கலக’ அணிகள் வந்தன. 1982இல் கிரஹாம் கூச் தலைமையில் சென்ற இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு மூன்று ஆண்டுத் தடை. அதே ஆண்டு இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவர் பந்துல வர்ணபுர தலைமையில் சென்றவர்களுக்கு 25 ஆண்டுத் தடை. லாரன்ஸ் ரோ தலைமையில் 1983இல் சென்ற மேற்கிந்தியர்களுக்கு வாழ்நாள் தடை. இறுதியில் தடைகள் முன்கூட்டியே நீக்கப்பட்டாலும், பலர் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் வாழ்ந்தார்கள். குற்றம் ஒன்றே; தண்டனை நாட்டுக்கு நாடு மாறியது. நிறவெறியின் காயத்தைத் தன் உடலில் உணரும் சமூகம் கடுமையாகத் தண்டித்தது என்பது ஒரு காரணம். கிரிக்கெட்டில் பிழைக்க வழியில்லாத நாடுகளின் ஆட்டக்காரர்களைத்தான் அந்தப் பணம் எளிதாக வளைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புறக்கணிப்பு என்ன சாதித்தது?

நிறவெறி ஆட்சியை விளையாட்டுப் புறக்கணிப்பு வீழ்த்தியது என்று சொல்வது மிகை. 1976 சொவேட்டோ எழுச்சி, 1980களில் கறுப்பர் ஒதுக்கி வைக்கப்பட்ட நகரியங்களில் மூண்ட கிளர்ச்சி, தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தங்கள், 1985இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தது, பனிப்போர் முடிந்தது ஆகியவற்றுக்கு முன் ரத்தான கிரிக்கெட் பயணங்களின் எடை குறைவு. இன்னொரு தரப்பு, புறக்கணிப்பு வெறும் அடையாளச் செயல், வெள்ளையரை மேலும் பிடிவாதக்காரர்களாக்கியது என்கிறது. நடந்தவை அதற்கு ஒத்துவரவில்லை.

பொருளாதாரத் தடையின் சுமையை அரசும் நிறுவனங்களும் சாமானியரிடமிருந்து ஓரளவு மறைக்க முடியும். சனிக்கிழமை மதியம் ஆட வேண்டிய வெளிநாட்டு அணி வராமல் போவதை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. குறிப்பாக ரக்பி, டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆஃப்ரிக்கானர்களின் தன்மதிப்போடு பின்னிப்பிணைந்தது. ஆங்கிலேயரிடம் போரில் தோற்ற சமூகம் தலைநிமிர்ந்த இடம் அது. 1981இல் நியூசிலாந்து சென்ற அவர்களுடைய அணிக்கு எதிராக ஹாமில்டன் மைதானத்துக்குள் போராட்டக்காரர்கள் இறங்கி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். நம்மைப் போன்றவர்கள் என்று நினைத்திருந்த வெள்ளை நியூசிலாந்துக்காரர்களே நம்மை வெறுக்கிறார்கள் என்ற அதிர்ச்சி நேரடி ஒளிபரப்பில் வீடுகளுக்குள் வந்தது. சலுகைகள் ஒவ்வொன்றும் இத்தகைய அழுத்தத்துக்குப் பின்பே வந்தன என்பதைக் காலவரிசை காட்டுகிறது.

1992 மார்ச் 17 அன்று வெள்ளையர் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பு இதற்கு இன்னொரு சான்று. பேச்சுவார்த்தை தொடரட்டுமா என்பதே கேள்வி. அந்நாளில் தென்னாப்பிரிக்க அணி ஆஸ்திரேலியாவில் தன் முதல் உலகக் கோப்பையை ஆடிக்கொண்டிருந்தது. ‘இல்லை’ வென்றால் மீண்டும் தனிமைதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ‘ஆம்’ ஏறத்தாழ 69 சதவீதம் பெற்றது. கிரிக்கெட்டுக்காக அவர்கள் வாக்களித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதை இழப்போம் என்பதை அவர்கள் கண்முன் காட்டியதில் கிரிக்கெட்டுக்குப் பங்கு இருந்தது.

மறுவருகையின் முதல் மேடை கொல்கத்தா. 1946இல், அங்கிருந்த இந்தியர்களை நடத்திய விதத்துக்காக, தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவைத் துண்டித்து ஐ.நா.வில் முறையிட்ட நாடு இந்தியா. 1991 நவம்பர் 10 அன்று ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவின் முதல் அதிகாரப்பூர்வ ஒருநாள் போட்டியை நடத்தியதும் இந்தியாதான்.

கதவு திறந்த பின்

1995 ஜூன் 24 அன்று எல்லிஸ் பார்க்கில் தென்னாப்பிரிக்கா ரக்பி உலகக் கோப்பையை வென்றதும், நெல்சன் மண்டேலா அணித் தலைவரின் 6ஆம் எண் சட்டையணிந்து கோப்பையைக் கொடுத்ததும் திரைப்படமாகும் அளவுக்குப் புகழ்பெற்ற காட்சி. அந்த அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர் மட்டும். கிரிக்கெட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் மக்காயா நிட்டினி, ஆண்டு 1998. தடைச் சட்டங்கள் போய்விட்டன. பட்டியல் பெரிதாக மாறவில்லை.

தலையீடு வந்தது. 2002இல் சிட்னி டெஸ்டுக்குத் தேர்வான ஜாக் ருடால்ஃபுக்குப் பதில் ஜஸ்டின் ஆன்டாங்கை ஆடவைக்கும்படி வாரியத் தலைவர் பெர்சி சோன் உத்தரவிட்டார். 2016இல் தேசியக் கிரிக்கெட் அணியில் சராசரியாக ஆறு பேர் வெள்ளையரல்லாதவராகவும் அவர்களில் இருவர் கறுப்பு ஆப்பிரிக்கராகவும் இருக்க வேண்டும் என்ற இலக்கு வந்தது. தகுதிக்கு எதிரானது ஒதுக்கீடு என்ற வாதம் நமக்குப் பழக்கமானதே. அந்த வாதம் மறைக்கும் உண்மை ஒன்று இருக்கிறது: தகுதியும் எங்கோ ஓரிடத்தில் தயாராகிறது.

அந்த இடம் பள்ளி. தென்னாப்பிரிக்காவின் ரக்பியும் கிரிக்கெட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய, வசதியான பள்ளிகளில் வளர்கின்றன. புல்தரை, வலைப்பயிற்சி, முழுநேரப் பயிற்சியாளர், சத்துணவு எல்லாம் அங்கே. நிட்டினி ம்டிங்கி கிராமத்திலிருந்து டேல் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்வீடே நகரியத்தின் வறுமையில் வளர்ந்து, 2019இலும் 2023இலும் உலகக் கோப்பையை ஏந்திய ரக்பி அணித் தலைவர் சியா கொலிசி, உதவித்தொகையில் கிரே பள்ளியில் படித்தார். லாங்கா நகரியத்தில் பிறந்த டெம்பா பவுமா, 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று உலக டெஸ்ட் பட்டத்தைப் பெற்ற அணியின் தலைவர். அவர் வழியும் அத்தகைய பள்ளிகள்தாம். இவர்கள் சாதனையைக் குறைத்துச் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. லாங்காவிலும் ஸ்வீடேவிலும் உள்ள அரசுப் பள்ளி மைதானத்திலிருந்தே நேராகத் தேசிய அணிக்கு வரும் பாதை இன்னும் போடப்படவில்லை என்பதுதான் செய்தி. 2021இல் கிரிக்கெட் வாரியம் நடத்திய சமூகநீதி விசாரணையில், அணிக்குள் நுழைந்த பின்னும் ஓரங்கட்டப்பட்ட அனுபவங்களை முன்னாள் ஆட்டக்காரர்கள் வரிசையாகச் சொன்னார்கள்.

இந்த அளவுகோலால் எதை அளக்கலாம்?

எல்லாப் புறக்கணிப்பும் இந்த விளைவைத் தருவதில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தவிர்த்தன. படை வெளியேறியது 1989இல், வேறு காரணங்களுக்காக. தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பை வேறுபடுத்தியவை மூன்று. அநீதி விளையாட்டுக்கு வெளியே எங்கோ இல்லாமல் அணித் தேர்வுக்குள்ளேயே இருந்தது. கோரிக்கை பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து வந்தது. அது முப்பது ஆண்டுகள் தளராமல் நீடித்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் முதல் நிபந்தனை இருந்தது. தேசியச் சாதனையைச் சமன்செய்த உயரம் தாண்டுபவர் கிரெட்டல் பெர்க்மன், யூதர் என்பதால் ஜெர்மன் அணியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனாலும் உலகம் போய்ப் பங்கேற்றது.

இப்போது கேள்வி ஆப்கானிஸ்தானைப் பற்றியது. 2021இல் தாலிபான் ஆட்சிக்கு வந்தபின் அங்கே பெண்கள் கிரிக்கெட் ஆட முடியாது. ஒப்பந்தம் பெற்றிருந்த பெண் ஆட்டக்காரர்களில் பலர் இன்று ஆஸ்திரேலியாவில் வாழ்கிறார்கள். முழு உறுப்பு நாட்டுக்குப் பெண்கள் அணி வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஐ.சி.சி., ஆண்கள் அணியைத் தொடர்ந்து ஆட அனுமதிக்கிறது. 2025 தொடக்கத்தில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் அந்த அணியுடன் ஆட வேண்டாம் என்று எழுதினார்கள். இங்கிலாந்து ஆடியது, தோற்றது.

தென்னாப்பிரிக்க அளவுகோலை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே வெள்ளையர் அணி ஆண்ட சமூகத்தின் பெருமிதம். இங்கே ரஷித் கானும் தோழர்களும் அகதி முகாம்களில் வளர்ந்த கிரிக்கெட்டின் வாரிசுகள், பெண் கல்விக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்களை நிறுத்தினால் தாலிபான் வருந்துமா என்பது ஐயமே. ஆனால் மேசைப்பந்துச் சம்மேளனம் 1956இல் செய்ததைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆட்சியாளர் ஏற்கும் சங்கத்தை மட்டுமே நாடு என்று கருதாமல், வெளியேற்றப்பட்டவர்களின் அணிக்கு அங்கீகாரம் தரலாம்; அந்த நாட்டுக்குப் போகும் நிதியில் அவர்களுக்கு உரிய பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆண்களைத் தண்டிப்பதா வேண்டாமா என்ற விவாதத்திலேயே காலம் கழிகிறது. பெண்களைப் பட்டியலில் சேர்க்க காபூலின் சம்மதம் தேவையில்லை, ஐ.சி.சி.யின் உறுப்பு நாடுகள் கூடி வாக்களித்தால் போதும். அந்த வாக்குகளில் கனமான ஒன்று இந்தியாவிடம் இருக்கிறது.